ஏலக்காய் ஸ்டோரின் மின் கன்ட்ரோலரை இணையத்துக்குத் திறந்து விடலாமா?

கேள்வி: போடிமெட்டுக்கு அருகே எங்கள் ஏலக்காய் ஸ்டோரில் (காய் உலர்த்தும் கூடம்) 40 கிலோவாட் சோலார், லித்தியம் பேட்டரி, 25 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் மூன்றையும் ஒரே கன்ட்ரோலர் நடத்துகிறது. கோவையிலிருந்தே கவனித்துக்கொள்ள, நிலையான ஐபி வாங்கி ரௌட்டரில் 502 போர்ட்டைத் திறக்கச் சொல்கிறார் இன்ஸ்டாலர். சரிதானா?

பதில்: வேண்டவே வேண்டாம். 502 என்பது மோட்பஸ் டிசிபியின் போர்ட், அதாவது கன்ட்ரோலரும் இன்வெர்ட்டரும் பேசிக்கொள்ளும் மொழி நெட்வொர்க்கில் நுழையும் வாசல். மோட்பஸ் 1979-ல் தொழிற்சாலைக்குள் ஓடும் கேபிளுக்காக வந்தது. பாஸ்வேர்டு கேட்காது, செய்தியை மறைக்கவும் செய்யாது. போர்ட் திறந்திருந்தால் முன்பின் தெரியாத ஒருவர் 6, 16 ஆகிய ஃபங்ஷன் கோடுகளை (மதிப்பை மாற்றி எழுதும் கட்டளைகள்) அனுப்பி இன்வெர்ட்டரின் பவர் லிமிட்டையே மாற்றிவிடலாம். போர்ட் எண்ணை மாற்றி வைத்தாலும் ஸ்கேனர்கள் கண்டுபிடித்துவிடும்.

பதிலாக ரௌட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) போடச் சொல்லுங்கள். இணைப்பு ஸ்டோரிலிருந்து வெளியே கிளம்புவதால் சாதாரண சிம்மே போதும். நிலையான ஐபி கோவைப் பக்கம் இருந்தால் சரி, அங்கே யுடிபி 51820 மட்டும் திறந்திருக்கும். கீப்அலைவ், அதாவது இணைப்பு உயிரோடிருக்க அனுப்பும் சிறு செய்தி, 25 விநாடிக்கு ஒன்றாகப் போகும்படி வையுங்கள். அது இல்லாவிட்டால் சற்று நேரம் பேச்சில்லாதபோது மொபைல் நெட்வொர்க் வழியை மூடிவிடும். ஆளுக்கொரு விபிஎன் சாவி கொடுங்கள்; ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் சாவியை மட்டும் நீக்கலாம். கேமராவும் ஆபீஸ் வைஃபையும் கன்ட்ரோலர் இருக்கும் நெட்வொர்க்கில் இருக்கக்கூடாது.

ஒரு சிக்கல் பலரைக் குழப்பும். கரண்ட் போய் வந்ததும் ரௌட்டரின் கடிகாரம் பழைய தேதிக்குப் போனால், அது அனுப்பும் இணைப்புக் கோரிக்கையைக் கோவைப் பக்க வயர்கார்டு பழைய செய்தி என்று எண்ணி ஒதுக்கிவிடும். நேரம் வாங்கும் என்டிபி, விபிஎன்னுக்கு வெளியே நேரடியாகப் போகட்டும்.

இவ்வளவும் செய்தாலும், ஸ்டோருக்குள்ளேயே கன்ட்ரோலருக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே உள்ள இணைப்பு ஒருநாள் அறும். அன்று என்ன நடக்கும் என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். உங்கள் 25 கேவிஏ ஜெனரேட்டர் 0.8 பவர் ஃபேக்டரில் தருவது 20 கிலோவாட். அதன்மேல் குறைந்தது 30 சதவீதம், அதாவது 6 கிலோவாட் சுமை எப்போதும் இருக்க வேண்டும். பேட்டரி நிறைந்து, ஸ்டோர் 15 கிலோவாட் இழுக்கும்போது சோலாருக்கு 9 தான் இடம். அந்த நேரத்தில் கன்ட்ரோலரிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் லேன் கேபிள் கழன்று, சோலார் 9-லேயே நிற்க, புளோயர்கள் நின்று சுமை 5-க்கு இறங்கினால், மிச்சம் 4 கிலோவாட் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாயும். ஆகவே இன்வெர்ட்டரில் கம்யூனிகேஷன் டைம்அவுட்டை 5 முதல் 10 விநாடிக்குள் வைத்து, அதன்பின் பவர் லிமிட் தானாகவே பூஜ்யமாகும்படி அமைக்க வேண்டும். மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்புவதைக் கண்டுபிடிக்கும் ரிவர்ஸ் பவர் ரிலே, கன்ட்ரோலரை நம்பாமல், வயர் மூலம் நேராக ஜெனரேட்டர் பிரேக்கரைத் தட்ட வேண்டும்.

ஸ்டோருக்கும் ஜெனரேட்டர் ஷெட்டுக்கும் நடுவே செம்புக் கேபிள் வேண்டாம், ஃபைபர் இழுங்கள். ஐப்பசி இடியில் முதலில் போவது, கருவிகளைச் செம்புக் கம்பியால் இணைக்கும் ஆர்எஸ்-485 போர்ட்தான்.

இன்ஸ்டாலருக்கு மீதிப் பணம் கொடுக்கும் முன், நல்ல வெயிலில் ஜெனரேட்டர் ஓடும்போது அவரையே அந்த லேன் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். 10 விநாடிக்குள் சோலார் பூஜ்யத்துக்கு இறங்காவிட்டால் வேலை முடியவில்லை.