கற்காலச் செதுக்குகளுக்கு முப்பரிமாண மாதிரி: மகளை அனுப்பலாமா?

கற்காலச் செதுக்குகளைப் பல கோணங்களில் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து கணினியில் முப்பரிமாண மாதிரி உருவாக்கும் வேலையைப் படிக்க மகளை அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு நேராகவே சொல்லிவிடலாம்: இதை மட்டும் நம்பிப் படிப்பது ஆபத்து. அருங்காட்சியகங்களில் இந்த வேலை பெரும்பாலும் திட்ட ஒப்பந்தமாகத்தான் வருகிறது. ஆனால் இதன் அடிப்படை அளவியல். நில அளவை, தொழிற்சாலைத் தர ஆய்வு, வீடியோ கேம் என்று அது செல்லுபடியாகும் இடங்கள் பல. ஆகவே பட்டம் தொல்லியலிலோ புவித்தகவலியலிலோ இருக்கட்டும். இது கூடவே வளரட்டும்.

மகளுக்கு இது ஒத்துவருமா என்று அறிய, பணம் கட்டிச் சேரும் பயிற்சி வகுப்பு வேண்டாம். உள்ளங்கையளவு சொரசொரப்பான கல் ஒன்று போதும். ஸ்காட்லாந்தின் டோவியில் கிடைத்த, சுருள்கள் செதுக்கிய புதிய கற்காலக் கல்லுருண்டையும் ஏறக்குறைய அந்த அளவுதான். கல்லின் மேல் 1, 0.5, 0.2 மி.மீ. ஆழத்தில் கோடுகள் கீறச் சொல்லுங்கள். எந்தக் கோடு மாதிரியில் தப்பிப் பிழைக்கிறது என்பதே தேர்வு.

கல்லைச் சுழல்மேசையில் வைத்து 10 பாகைக்கு ஒரு படம், மூன்று உயரங்களில்: 108. கல்லைப் புரட்டி மறுபடி 108. கேமராவில் ஒளி புகும் துளை எஃப்/11 அளவில்; அதைவிட மிகவும் சுருக்கினால், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (விளிம்புவிலகல்) நுண்கோடுகள் மங்கும். குவியத்தை ஒருமுறை அமைத்துப் பூட்டிவிட வேண்டும். பின்னணி கறுப்பு வெல்வெட். பின்னணியில் ஏதாவது தெரிந்தால், கல் சுழலவே இல்லை என்று மென்பொருள் நம்பி எல்லாப் படங்களையும் ஒரே இடத்தில் குவித்துவிடும். தொடக்கநிலையில் பலரும் விழும் குழி இது.

அடுத்த குழி வெளிச்சம். கீறல் எடுப்பாகத் தெரியட்டும் என்று விளக்கைப் பக்கவாட்டில் வைப்பார்கள். கல் சுழலச் சுழல நிழல் அதன் மேல் நகரும். ஒரு படத்துப் புள்ளி அடுத்த படத்தில் பொருந்தாது. எடுக்கும்போது பரவிய, மென்மையான ஒளியே சரி. பக்க வெளிச்சத்தைப் பிறகு திரையில், நிறப்பூச்சை நீக்கிய மாதிரியின் மேல் பாய்ச்சிக்கொள்ளலாம். கண்ணுக்குப் படாத கீறல்கூட அப்போது எழுந்து வரும்.

படத்துக்குத் தன் அளவு தெரியாது. எனவே இரண்டு அளவுக்கோல்களைக் கூடவே வைக்க வேண்டும்: ஒன்றால் அளவு நிர்ணயம், மற்றதால் சரிபார்ப்பு. படங்களை மாதிரியாக்கும் மெஷ்ரூம், மாதிரியைத் திருத்த உதவும் பிளெண்டர் ஆகிய மென்பொருள்கள் இரண்டும் இலவசம். தொடங்க அவை போதும்.

கடைசியாகக் கெடுவது இணையத்துக்காக மாதிரியை இளைக்க வைக்கும்போது. மாதிரியின் மேற்பரப்பு சிறு முக்கோணங்களால் ஆனது; 7 செ.மீ. உருண்டையை 2 லட்சம் முக்கோணங்களாகக் குறைத்தால், ஒவ்வொன்றின் பக்கமும் சுமார் 0.4 மி.மீ. அதைவிட மெல்லிய கீறல் காணாமல் போகும். அதனால் முழு மாதிரியைத் தனியே சேமித்து, நுணுக்கங்களை நார்மல் மேப்பாக (மேடுபள்ளம் இருப்பதுபோல் ஒளியைக் காட்டும் படமாக) எளிய மாதிரியில் ஏற்ற வேண்டும்.

நேர்முகத்துக்கு மின்னும் படங்களைக் கொண்டுபோக வேண்டாம். மூலப் படங்கள், அமைப்புக் குறிப்பு, இரண்டாம் அளவுக்கோலில் வந்த பிழை எத்தனை மி.மீ. என்ற ஒரு வரி, தொலைந்துபோன அந்தக் கோடு ஏன் தொலைந்தது என்ற விளக்கம்: இவை ஒரே கோப்புறையில் இருக்கட்டும்.