லேபர் வார்டில் வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்ய முடியுமா?

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, அரசு மருத்துவமனை ஒன்றின் லேபர் வார்டிலும் எஸ்என்சியூவிலும் (நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு) மாறி மாறி டூட்டி பார்க்கும் ஒரு சிஸ்டர் கேட்டிருக்கிறார்: "எம்.எஸ்சி. சேரலாமா, மிட்வைஃபரி (பிரசவம் பார்க்கும் தனிப்பயிற்சி) படிக்கலாமா என்று குழப்பம். ஆராய்ச்சி செய்யவும் ஆசை, ஆனால் பிஎச்.டி. இல்லாத ஸ்டாஃப் நர்ஸை யார் மதிப்பார்கள்? வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் வேலையை விடவும் முடியாது."

ஆராய்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நல்ல நல்ல நர்ஸ்கள் அங்கேதான் தயங்கி நின்றுவிடுகிறார்கள். கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டத்தில் நடந்த ஒரு ஆய்வு 2006-ல் லான்செட் இதழில் வெளியானது. கிராமத்தில் பிரசவம் பார்த்த ஏஎன்எம்கள் (கிராம சுகாதார நர்ஸ்கள்) 1,620 பெண்களில் ஒரு பாதிக்கு பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையும் மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்து, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைப் பிடித்து அளந்தார்கள். அதிக ரத்தப்போக்கு மருந்தில்லாத பக்கம் 12 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 6.4 சதவீதம். அந்த எண்கள் ஏஎன்எம்களின் கையிலிருந்து வந்தவை, அவர்களில் யாரும் பிஎச்.டி. முடித்துவிட்டு வரவில்லை. பிரசவ ரத்தப்போக்கைப் பற்றி 2023-ல் வந்த இ-மோட்டிவ் ஆய்வையும் தேடிப் படியுங்கள். ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேல் பிரசவங்கள். ரத்தத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடாமல் அதே மாதிரி விரிப்பில் அளந்து, அளவு தாண்டியதும் கருப்பை மசாஜ், ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின், ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மருந்துகள், ட்ரிப், பரிசோதனை என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ததில் தீவிரமான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. இதில் எது நீங்கள் தினமும் செய்யாத வேலை, சொல்லுங்கள். செய்வதோடு நிற்காமல் கேள்வியையும் நீங்களே கேட்க வேண்டும், எனக்கு அதுதான் ஆசை.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் ரெஜிஸ்டரில். லேபர் வார்டு, எஸ்என்சியூ இரண்டையும் தெரிந்தவர் நீங்கள், அது பெரிய பலம். லேபர் வார்டிலிருந்து வரும் குழந்தைகளுக்கு எஸ்என்சியூவில் சேர்த்தவுடன் எடுக்கும் டெம்பரேச்சரைக் கொஞ்ச நாள் தனியாகக் குறித்து வையுங்கள். 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எத்தனை பேர் வருகிறார்கள்? அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். அறை 25 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா, ஏசியை யார் கூட்டிக் குறைக்கிறார்கள், குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரை முன்கூட்டியே போட்டு வைக்கிறார்களா, துடைத்த ஈரத்துணியை உடனே மாற்றுகிறார்களா, தூக்கிக்கொண்டு போகும்போது தொப்பி இருக்கிறதா. ஒரே ஒரு மாற்றத்தை ஒரு ஷிஃப்டில் மட்டும் செய்து பார்த்து, வாராவாரம் சதவீதத்தை ஒரு கோட்டுப்படமாக வரையுங்கள். இந்த முறைக்கு பிஓசிக்யூஐ (சிகிச்சை தரும் இடத்திலேயே தரத்தை மேம்படுத்துதல்) என்று பெயர், உலக சுகாதார அமைப்பின் தென்கிழக்கு ஆசிய அலுவலகமும் டெல்லி எய்ம்ஸும் சேர்ந்து உருவாக்கிய பயிற்சி, பாடப்புத்தகம் இணையத்தில் இலவசம். லக்‌ஷ்யா (பிரசவ அறை), முஸ்கான் (குழந்தைகள் சிகிச்சை) என்ற மத்திய அரசின் தரத் திட்டங்களின் மதிப்பீட்டுக்கு உங்கள் மருத்துவமனை தயாராகிறது என்றால் இன்னும் நல்லது, தர மேம்பாட்டு வேலைக்கு அங்கே மதிப்பு உண்டு, மேலிடத்தில் அனுமதி கேட்பதும் சுலபம்.

முறையாகக் கற்றுக்கொள்ள, சென்னை ஐசிஎம்ஆர் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்பிடெல் என்ற இணையப் படிப்புத் தளம் வழியாக நடத்தும் ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ் படிப்பில் சேருங்கள். எட்டு வாரம், படிக்கக் காசு கிடையாது, சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கேள்வியை எப்படி வடிவமைப்பது, எத்தனை பேரைச் சேர்ப்பது என்று அடிப்படையிலிருந்து சொல்லித் தருகிறார்கள். செல்போனிலேயே பார்க்கலாம், குழந்தை தூங்கிய பிறகு ஒரு வீடியோ போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வார்டுக்குள் வேலையைச் சரி செய்யக் கணக்கெடுப்பது வேறு, அதைக் கட்டுரையாக வெளியிடுவது வேறு. வெளியிடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், தொடங்கும் முன்பே ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் எத்திக்ஸ் கமிட்டியிடம் போய்விடுங்கள், முடித்த பிறகு போனால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. தாயின் பெயர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) எதுவும் உங்கள் நோட்டில் இருக்கக் கூடாது. கேஸ் ஷீட்டை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுவது நம் வார்டுகளில் சாதாரணமாகிவிட்டது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இனி படிப்பு. எம்.எஸ்சி. என்றால் இரண்டு வருடம் முழுநேரம், அஞ்சல் வழியில் கிடையாது. யாராவது "வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. நர்சிங்" என்று விளம்பரம் செய்தால் பணம் கட்டிவிடாதீர்கள். மகப்பேறு நர்சிங்கில் எம்.எஸ்சி. முடித்தால் கற்பிக்கும் வேலைக்கும் பிஎச்.டி.க்கும் வழி திறக்கும். கைவேலைதான் பிடிக்கும் என்றால் நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி: 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 18 மாதப் படிப்பு, சிக்கலில்லாத பிரசவத்தை மிட்வைஃபே பொறுப்பேற்று நடத்தும் பிரிவுகளில் வேலை செய்வதற்காக. ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை இந்த வேலையை வெகு காலமாகச் செய்கிறது. சேரும் முன் ஒன்றை விசாரியுங்கள்: முடித்து வந்ததும் உங்களை அப்படிப்பட்ட பிரிவில் போடுவார்களா, பழையபடி ஏதோ ஒரு வார்டுக்கு அனுப்புவார்களா? இதற்கு எழுத்தில் பதில் வராமல் நான் யாரையும் சேரச் சொல்ல மாட்டேன். எஸ்என்சியூ பக்கம்தான் மனம் என்றால் பச்சிளங்குழந்தை நர்சிங்கில் ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கிறது. உங்கள் வீட்டுச் சூழ்நிலைக்கு, இப்போதைக்கு எதிலும் சேராமல் மேலே சொன்ன சின்ன ஆய்வை ஒன்று முடித்துவிட்டு முடிவெடுப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன். எந்த வேலை உங்களை இழுக்கிறது என்று அதற்குள் தெரிந்துவிடும்.

அப்புறம் பெயர் விஷயம். தரவு எடுத்தது நர்ஸ், கட்டுரையில் பெயர் டாக்டர்களுடையது, கடைசியில் ஒரு வரி நன்றி. இது அடிக்கடி நடக்கிறது, எனக்குக் கோபம் வரும் விஷயம் இது. கேள்வி உங்களுடையது, கணக்கெடுத்தது நீங்கள், எழுதுவதிலும் பங்கிருக்கிறது என்றால் ஆசிரியர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். முதல் கூட்டத்திலேயே "சார், ஆத்தர் வரிசை எப்படி வைத்துக்கொள்ளலாம்?" என்று கேட்டு, முடிவானதை எல்லோருக்கும் மெயிலில் அனுப்பிவிடுங்கள். எழுதியது கட்டுரையாகும் அளவுக்கு வரவில்லை என்றாலும் இந்திய மிட்வைஃப்கள் சங்கமோ, பச்சிளங்குழந்தை நர்ஸ்கள் சங்கமோ நடத்தும் மாநாட்டுக்குப் போஸ்டராக அனுப்பலாம். கேட்க வருபவர்கள் உங்களைப் போலவே நைட் டூட்டி முடித்து வந்தவர்களாக இருப்பார்கள், அவர்கள் கேட்கும் கேள்விகளிலிருந்தே அடுத்த ஆய்வுக்கான தலைப்பு கிடைக்கலாம்.