தனியார் பள்ளியின் வருகைப் பதிவேட்டை ஆர்.டி.ஐ.யில் வாங்க முடியுமா?

கேள்வி: என் மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் 9-ஆம் வகுப்பு படிக்கிறாள். வருகை குறைவு என்று ஆண்டுத் தேர்வு எழுத விடமாட்டோம் என்கிறார்கள். பதிவேட்டைக் காட்டச் சொன்னால் மறுக்கிறார்கள். 5,000 ரூபாய் கொடுத்தால் ஆர்.டி.ஐ. போட்டு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா அம்மா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆர்.டி.ஐ. என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் அந்தச் சட்டப்படி போடும் தகவல் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்தான். வெள்ளைத்தாளில் நீங்களே எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை.

பணம் போவதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இப்படி வருகிறவர்களில் பலர் தங்கள் பெயரிலேயே மனுப் போடுவார்கள். உங்கள் மகளின் வருகை விவரம் அவர்களைப் பொறுத்தவரை யாரோ ஒருவரின் சொந்தத் தகவல். சொந்தத் தகவலைத் தர மறுக்க இடம் தரும் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி அலுவலகம் உடனே தள்ளிவிடும். 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் அந்தப் பிரிவு இன்னும் இறுகியிருக்கிறது. தாய் என்ற முறையில், உறவைக் காட்டும் சான்றின் நகலோடு நீங்கள் கேட்பதே பலம். இன்னும் சிலர் மனு நகலை எடுத்துக்கொண்டு பள்ளி நிர்வாகத்திடம் பேரம் பேசப் போவார்கள். அவர்கள் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், பள்ளியின் கோபம் பிள்ளை மேல்தான் விழும். தயவுசெய்து எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள்.

இனி சட்டம். அரசுப் பள்ளி என்றால் நேரடியாகக் கேட்கலாம். பெருமளவு அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுடையது அரசு உதவி பெறாத பள்ளி என்றால், பள்ளிக்கே மனு அனுப்பிப் பயனில்லை. ஆனால் 2(எஃப்) பிரிவைக் கவனியுங்கள். வேறொரு சட்டத்தின்படி ஓர் அரசு அலுவலகம் ஒரு தனியார் அமைப்பிடம் கேட்டு வாங்கக்கூடிய விவரத்தையும், அந்த அலுவலகம் வழியாக நாம் கேட்கலாம். பள்ளிப் பதிவேடுகளை ஆய்வு செய்யும் அதிகாரம் கல்வித் துறைக்கு உண்டு. ஆகவே மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'எங்களிடம் இல்லை' என்று ஒற்றை வரியில் பதில் வரலாம். கையில் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, கேட்டு வாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. 2(எஃப்) பிரிவை மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

'ஏன் விடவில்லை?' என்று கேட்காதீர்கள், விளக்கம் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என் மகளின் வருகை பதிவான பக்கங்களின் சான்றிட்ட நகல்' என்று கேளுங்கள். மற்றப் பிள்ளைகளின் பெயர் இருக்கிறதே என்றால், அதை மறைத்துத் தர 10-ஆவது பிரிவு இடம் தருகிறது.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம், அங்கே எப்போது விசாரணைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெற்ற பிள்ளையின் வருகையைப் பார்க்க ஒரு தாய் இத்தனை படி ஏற வேண்டியிருப்பது அநியாயம்.

தேர்வு அதுவரை காத்திருக்காது. எனவே தலைமையாசிரியருக்கு இன்றே எழுத்து மூலம் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதன் நகலோடு அதே மாவட்டக் கல்வி அலுவலரிடம் தனியாகப் புகாரும் கொடுங்கள். புகாரையும் தகவல் மனுவையும் ஒரே தாளில் எழுதிவிடாதீர்கள்.