குப்பைமேனிச் சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா? வளையத்தை அளந்தால் போதாது

கேள்வி: முதுகலை நுண்ணுயிரியல் படிக்கிறேன். புராஜெக்டுக்காக நாட்டு மருந்துக் கடையில் குப்பைமேனிப் பொடி வாங்கி, மெத்தனாலிலும் நீரிலும் சாறு எடுத்தேன். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா வளர்த்த தட்டில், மெத்தனால் சாறு ஏற்றிய காகித வட்டைச் சுற்றி பாக்டீரியா வளராத 14 மி.மீ. வளையம் வந்தது. இ.கோலை பாக்டீரியாவில் ஒன்றுமே இல்லை. நீர்ச்சாறு இரண்டிலும் வேலை செய்யவில்லை. தோழியின் துளசிக்கு 18 மி.மீ. வந்திருக்கிறது. செடியை மாற்றிவிடவா? எங்கள் கல்லூரியில் பெரிய கருவிகள் கிடையாது.

பதில்: செடியை மாற்ற வேண்டாம். 14-ஐயும் 18-ஐயும் ஒப்பிடுவதை முதலில் விடுங்கள். வளையத்தின் அகலம், சாற்றில் உள்ள பொருள் தட்டில் ஊற்றிய கூழான அகாரில் எவ்வளவு பரவுகிறது என்பதையும் பொறுத்தது. எண்ணெய்ப் பசையுள்ள பொருள் எவ்வளவு வீரியமாக இருந்தாலும் வட்டை விட்டு அதிகம் நகராது. நீரில் எளிதில் கரையும் சுமாரான பொருள் பெரிய வளையம் காட்டிவிடும்.

வட்டில் எத்தனை மில்லிகிராம் ஏற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒப்பீட்டுக்கு விலைக்கு வாங்கும் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம்தான். அதன் பக்கத்தில் 10 மில்லிகிராம் சாறு வைத்துவிட்டு ‘ஜென்டாமைசினுக்கு நிகர்’ என்று எழுதினால், ஆயிரம் மடங்கு எடையை நிகர் என்கிறோம். அவ்வளவு ஏற்றினால் சமையலறை அலமாரியில் இருக்கும் பொருள்களில் பாதி வளையம் போடும்! இன்னொன்று: சரியாக உலராத மெத்தனாலே ஒரு வளையம் தரும். மெத்தனால் மட்டும் விட்டு உலர்த்திய வட்டு அதே தட்டில் இல்லையென்றால் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

அடுத்து உங்களுக்கு வேண்டியது எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவு. 96 குழித் தட்டும் மைக்ரோபிப்பெட்டும் போதும். பாக்டீரியா வளர்க்கும் திரவமான முல்லர்-ஹின்டன் பிராத்தில் சாற்றை மில்லிலிட்டருக்கு 1,024 மைக்ரோகிராமில் தொடங்கி, பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு குழியிலும் மில்லிலிட்டருக்குச் சுமார் 5 லட்சம் பாக்டீரியா இருக்க வேண்டும். 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் வைக்கலாம். இலைச்சாற்றின் பச்சை நிறத்தில் கலங்கல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ரெசாசூரின் என்ற சாயத்தைச் சேருங்கள். உயிர் இருக்கும் குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். சில சாறுகள் பாக்டீரியா இல்லாமலே ரெசாசூரினை நிறம் மாற்றிவிடும் என்பதால், சாறு மட்டும் விட்ட குழி வரிசை ஒன்று கட்டாயம் வேண்டும்.

எம்ஐசி மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் வந்தால் உற்சாகமாகத் தொடருங்கள். 1,000-ஐத் தாண்டினால் அந்தச் சாற்றைத் துரத்துவது வீண் என்பதே என் கருத்து.

எண் நன்றாக வந்தால், எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று பார்க்கலாம். இதற்கு எனக்குப் பிடித்த வழி பயோஆட்டோகிராஃபி. சாற்றில் உள்ள பொருள்களைத் தனித்தனியே பிரிக்கும் டிஎல்சி (மென்படலக் குரோமட்டோகிராஃபி) தகட்டில் சாற்றை ஓட்டி, கரைப்பான் வாடை சுத்தமாகப் போகும்வரை உலர்த்துங்கள். பாக்டீரியா கலந்த மென் அகாரை அதன் மேல் மெல்லிய படலமாக ஊற்றி, இரவு முழுக்க வைத்து, காலையில் எம்டிடி என்ற சாயக் கரைசலைத் தெளியுங்கள். உயிருள்ள பாக்டீரியா இருக்கும் இடமெல்லாம் தகடு ஊதாவாகும். தடுக்கும் பொருள் இருக்கும் இடம் மட்டும் வெளுத்த புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளி வரும் பகுதியைத்தான் காலம் (column) குரோமட்டோகிராஃபியில், அதாவது குழாயில் ஓட்டிப் பிரிக்க வேண்டும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் தேவைப்படுவது அதற்கும் அப்புறம்தான். மாதிரியை வெளியே அனுப்பிக்கொள்ளலாம். புள்ளி தகட்டின் அடியிலேயே நின்றால் துவர்ப்புப் பொருள்களான டானின்களைச் சந்தேகியுங்கள். அவை புரதம் எதுவானாலும் பற்றிக்கொள்ளும்.

பிரித்ததும் வீரியம் காணாமல் போகிறதா? கைவிடுவதற்கு முன் பகுதிகளை மறுபடி சேர்த்துப் பாருங்கள். பெர்பெரிஸ் செடிகளில் உள்ள பெர்பெரின் என்ற பாக்டீரியா எதிர்ப்புப் பொருளை ஸ்டெஃபைலோகாக்கஸ் தன் நார்-ஏ பம்பு மூலம் வெளியே தள்ளிவிடும். அந்தப் பம்பை அடைக்கும் வேறொரு சேர்மமும் அதே செடிகளில் இருப்பதை 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். தனியாக விட்டால் அந்தச் சேர்மம் பாக்டீரியாவை எதுவும் செய்யவில்லை.

இ.கோலையில் வளையம் வராததற்கு வருத்தப்படாதீர்கள். அதற்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு, பம்புகளும் உண்டு. தாவரச் சேர்மங்கள் பலவும் அங்கே தோற்கின்றன.

அந்தக் கடைப் பொடியை மட்டும் தூக்கி வைத்துவிடுங்கள். பொடியாகிவிட்டால் எந்தச் செடி என்று கண்ணால் சொல்ல முடியாது. நாட்டு மருந்துச் சரக்கில் கலப்பு சகஜம். குப்பைமேனி தெருவோரத்திலேயே முளைக்கிறது. பூவோடு பிடுங்கி, ஒரு மாதிரியை அழுத்தி உலர்த்தி, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்திலோ திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலோ (உலர்தாவரத் தொகுப்பகம்) அடையாளம் உறுதி செய்யக் கேளுங்கள். நம் ஊரில் சொறி சிரங்குக்குப் பச்சை இலையை உப்பு வைத்து அரைத்துத்தான் பூசுகிறார்கள். ஆகவே பச்சை இலைச் சாற்றையும் காய்ந்த இலைச் சாற்றோடு சேர்த்துச் சோதியுங்கள். சூடு காட்டாமலும் ஒருமுறை எடுங்கள். சீன விஞ்ஞானி து யூயூ மலேரியா மருந்தான ஆர்டிமிசினினைப் பிடித்தது கொதிக்க வைப்பதை விட்டுவிட்டு, குறைந்த வெப்பத்தில் ஈதரில் எடுத்த பிறகுதான்.

அறிக்கையின் முடிவில் ‘உள்ளுக்குச் சாப்பிடலாம்’ என்று எழுதிவிடாதீர்கள். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் குப்பைமேனி சேர்த்த கஞ்சியைக் குடித்து, ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மருத்துவமனைக்கு வந்தது இலங்கையில் பதிவாகியிருக்கிறது.