புண்ணாக்குல பூஞ்சணம்னா பால்லயும் விஷம்: கால்நடை கேள்வி பதில்

கேள்வி: டாக்டர் அம்மா, எங்ககிட்ட ரெண்டு கலப்பின மாடு இருக்கு. ஐப்பசி மழைல கொட்டகை ஒழுகி கடலைப் புண்ணாக்கு மூட்டை நனைஞ்சு பச்சை பச்சையா பூஞ்சணம் புடிச்சிருச்சு. வெயில்ல காயப்போட்டு ஊறவச்சு குடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க. பாலை நல்லா காய்ச்சித்தானே குடிக்கிறோம்?
– ஒரு வாசகி, மன்னார்குடி பக்கம்

பதில்: குடுக்காதீங்கம்மா. காசு குடுத்து வாங்குன மூட்டை, மாமியார் மனசு வராம சொல்றாங்க, அது எனக்குப் புரியுது. ஆனா வெயில்ல காயவச்சா பூஞ்சணம் வளர்றதுதான் நிக்கும், அது ஏற்கெனவே புண்ணாக்குக்குள்ள விட்டுட்டுப் போன விஷம் முழுசாப் போகாது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்னு ஒரு பூஞ்சணம், அது உண்டாக்குற விஷம் அஃப்ளாடாக்சின். ஊறவச்சாலும் போகாது, அடுப்புல கொதிக்கிற சூட்டுக்கும் அசையாது. அதுல முக்கியமான வகைக்குப் பேரு பி1. மாடு அதைத் தின்னா கல்லீரல்ல அந்த பி1, எம்1ங்கற இன்னொரு வகையா மாறி மடில எறங்குது, தின்ன அரை நாள்லயே பால்ல வந்துரும், நீங்க எவ்வளவு பொங்கக் காய்ச்சினாலும் அதுலயேதான் இருக்கும்.

கணக்கு போட்டே காட்டுறேன். மாட்டுத் தீவனத்துல கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வரைக்கும் பி1 இருக்கலாம்னு இந்தியத் தரக்கட்டுப்பாட்டு விதி இருக்கு. பூசணம் புடிச்ச புண்ணாக்குல 200 இருக்குன்னு வச்சுக்குங்க, ஒரு நாளைக்கு 2 கிலோ போட்டா மாட்டு வயித்துக்குள்ள 400 மைக்ரோகிராம் போகுது, அதுல சுமார் 2 சதவீதம் பால்ல வந்தாக்கூட 8 மைக்ரோகிராம், மாடு 8 லிட்டர் கறந்தா லிட்டருக்கு 1. நம்ம நாட்டுல பாலுக்கு அனுமதிச்ச அளவு 0.5தான். ரெண்டு மடங்கு ஆயிருச்சு பாருங்க, அதையும் வீட்ல முதல்ல குடிக்கிறது சின்னப் புள்ளைங்கதான்.

நல்ல சேதியும் இருக்கு. கெட்ட தீவனத்தை இன்னைக்கே நிறுத்துனீங்கன்னா மூணு நாலு நாள்ல பால்ல எம்1 கிட்டத்தட்ட இல்லாமப் போயிரும். அந்த மூட்டையை ஆட்டுக்கும் கோழிக்கும் தள்ளி விடாம, மூக்குல துணி கட்டிக்கிட்டு ஆழமா குழி வெட்டிப் புதைச்சிருங்க. பூசணத்தை மட்டும் சுரண்டிட்டு மிச்சத்தைப் போடலாமேன்னு சிலர் கேப்பாங்க, கண்ணுக்குத் தெரியிற பச்சை ஓரிடத்துல இருந்தாலும் விஷம் சுத்தியும் பரவியிருக்கும், பார்த்துப் பிரிக்க முடியாது.

நம்ம டெல்டால இது அதிகமாகுறதுக்குக் காரணம் நம்ம பருவமே. குறுவை அறுப்பு மழைல மாட்டுது, வைக்கல் ஈரத்தோட போர் ஏறுது, அடுத்தாப்ல கார்த்திகை வரைக்கும் காத்துலயே ஈரம். அதனால மழைக்காலத்துக்கு முன்னாடி மொத்தமா புண்ணாக்கு வாங்கிப் போடாதீங்க, ஒரு வாரத்துக்கு ஆவுறதை மட்டும் வாங்குங்க. மூட்டையை வெறுந்தரைல போடாம பலகை மேல, சுவத்துல ஒட்டாம வைங்க. தவிடும் அப்படித்தான், கையில புடிச்சா கட்டி கட்டியா இருந்து ஒரு மக்கல் வாடை வந்துச்சுன்னா வேணவே வேணாம்.

கேள்வி: தமிழ்நாட்டுப் பால்லதான் இந்த விஷம் அதிகம்னு டிவில சொன்னாங்களே, நிஜமா? பால்காரங்க கலக்குறதாலயா?
– ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: எண்ணிக்கைல பார்த்தா நிஜம்தான் அய்யா, ஆனா யாரும் கலக்குறதால இல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்துப் பார்த்து அடுத்த வருஷம் அறிக்கை வெளியிட்டாங்க. கலப்படத்தால ஆபத்துன்னு வந்தது 12 மாதிரிதான். எம்1 அளவு மீறினது 368, அதுல 88 தமிழ்நாட்டுது, இங்க எடுத்ததே 551தான். நம்ம ஜனங்க யூரியா கலந்தாங்க பவுடர் கலந்தாங்கன்னு பால்காரரையே முறைச்சுக்கிட்டு இருக்கோம், விஷம் என்னடான்னா கொட்டகைல இருக்குற தீவன மூட்டைலருந்து வருது. சொசைட்டில ஃபேட்டு, எஸ்என்எஃப் (கொழுப்பு இல்லாத மத்த திடச்சத்து) பார்க்குறாங்க, அந்த டெஸ்ட்ல எம்1 தெரியவே தெரியாது, எம்1க்குன்னு தனியா டெஸ்ட் எடுத்தாத்தான் உண்டு.

அதுக்காக பாலையே நிறுத்திராதீங்க, புள்ளைங்களுக்கு அது வேணும். அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே முதல் பிரிவுல, அதாவது உறுதியாத் தெரிஞ்சதோட வரிசைல வச்சிருக்கு, ஆனா அது வருஷக்கணக்குல உள்ள போய்ச் சேர்றதால வர்ற ஆபத்து, ஒரு டம்ளர்ல வர்றது இல்ல. ஐரோப்பால பாலுக்கு 0.05தான் அனுமதி, நம்மளதுல பத்துல ஒரு பங்கு. நம்மளும் அங்க போகணும்ங்கறது என் கருத்து, ஆனா பால்ல மட்டும் எல்லையைக் குறைச்சுட்டு தீவனக் கடைகளை அப்படியே விட்டா பழி முழுக்க ரெண்டு மாடு வச்சிருக்குற அக்கா தலைலதான் விழும். புண்ணாக்கு விக்கிற எடத்துலயே சோதனை வரணும்.

கேள்வி: நான் வாத்து மேய்க்கிறேன். வெள்ளத்துல நனைஞ்சு கெட்டுப்போன நெல்லையும் சோளத்தையும் சல்லிசா வாங்கிப் போட்டேன், குஞ்சுகளா சாகுது, பெருசு நல்லாத்தான் நிக்குது. என்னம்மா பண்றது?
– திருத்துறைப்பூண்டி பக்கத்துலருந்து ஒரு தம்பி

பதில்: மொதல்ல அந்தத் தானியத்தை நிறுத்துங்க தம்பி. செத்த குஞ்சுல ஒண்ணு ரெண்டை ஐஸ் வச்சு இன்னைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க, வாத்துப் பிளேக்காவும் இருக்கலாம், அறுத்துப் பாக்காம நான் சொல்ல முடியாது. ஆனா அஃப்ளாடாக்சினை முதல்ல சந்தேகப்படுறேன், ஏன்னா வாத்துக்குஞ்சு அளவுக்கு இந்த விஷத்துக்குத் தாங்காத ஜீவன் ரொம்பக் கம்மி. 1960ல இங்கிலாந்துல லட்சத்துக்கும் மேல வான்கோழிக் குஞ்சு செத்துச்சு, காரணம் தெரியாம தவிச்சாங்க, கடைசில பிரேசில்லருந்து வந்த கடலைப் புண்ணாக்குன்னு கண்டுபுடிச்சாங்க, அப்பதான் இந்த விஷமே வெளிய தெரிஞ்சது. அதுக்கப்புறம் ஒரு தீவனத்துல விஷம் இருக்கான்னு பாக்க விஞ்ஞானிங்க ஒரு நாள் வாத்துக்குஞ்சுக்குக் குடுத்துத்தான் சோதிச்சாங்க.

பெருசு நல்லா நிக்குதுன்னு அதுக்கு மட்டும் தொடர்ந்து போடாதீங்க, கல்லீரல் உள்ளயே கெடும், முட்டை குறையும். அந்தச் சோளத்தை வீட்லயும் யாரும் திங்காதீங்க. 1974ல ராஜஸ்தான் குஜராத் எல்லை ஊர்கள்ல மழைல நனைஞ்சு பூசணம் புடிச்ச மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 397 பேருக்குக் கல்லீரல் கெட்டு 106 பேர் செத்துப் போயிட்டாங்க, அந்த வீடுகள்ல மிச்சத்தைத் தின்ன நாய்களும் செத்துச்சு.

கேள்வி: பாலுக்குச் சொல்றது தயிர், நெய், பன்னீர் எல்லாத்துக்குமா? தீவனத்தை எங்க சோதிக்கலாம்?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: எம்1 பால்ல இருக்குற புரதத்தோட ஒட்டிக்கும். அதனால பன்னீர்ல அளவு கூடும், நெய்ல ரொம்பக் குறைவு, தயிர்ல பால் மாதிரிதான்.

தீவனத்துக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரில ஆய்வகம் இருக்கு. பக்கத்துலன்னா ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரில போய்க் கேளுங்க, எங்க எப்படி அனுப்புறதுன்னு வழி சொல்லுவாங்க. மாதிரி எடுக்குறதுதான் முக்கியம்மா, ஒரு மூட்டைல விஷம் ஒரே மாதிரி பரவியிருக்காது, ஒரு மூலைல அதிகமா குவிஞ்சிருக்கும், மேலாப்ல ஒரு புடி அள்ளி அனுப்புனா ரிப்போர்ட்டு சுத்தம்னு வந்துரும், மாடு தின்னது வேற மூலையா இருக்கும். மேல, நடுவுல, அடில, ஓரத்துல, ஒவ்வொரு மூட்டைலயும் புடி புடியா எடுத்துக் கலந்து அதுலருந்து ஒரு கிலோ எடுங்க. காகிதப் பையில கட்டுங்க, பிளாஸ்டிக்ல கட்டுனா வழிலயே வேர்த்து இன்னும் பூசணம் புடிக்கும்.