பழைய டாலரின் சாயலில் ஒரு பதக்கம்: என்ன விலை தகும்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் ஒரு வெள்ளிப் பதக்கம் வாங்கி வந்தான். 1794 டாலரின் நினைவாக அந்நாட்டு அரசு நாணயச் சாலை 2024-இல் வெளியிட்டதாம். அசல் டாலர் கோடிக்கணக்கில் விலை போனது என்கிறார்களே, இதுவும் அப்படி ஏறுமா? இந்த வகைப் பதக்கங்களை இன்னும் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம், அந்தக் கோடிகளை மறந்துவிட்டு. 2013-இல் ஒரு கோடி டாலருக்குமேல் ஏலம் போனது, 1794-இல் அச்சான 1,758 டாலர்களில் தப்பிப் பிழைத்த மிகச் சிறந்த காசு. உங்களிடம் இருப்பதில் அதே விரிந்த கூந்தல் சுதந்திர தேவி இருக்கிறாள், அவ்வளவுதான். இந்தப் பதக்கத்தில் எத்தனை அடிக்கலாம் என்று நாணயச் சாலை வைத்த உச்சவரம்பே 75,000. காசுபோலச் செலவழிக்க முகமதிப்பு எதுவும் கிடையாது. அதிலுள்ள ஒரு டிராய் அவுன்ஸ் (31.1 கிராம்) வெள்ளியும், அதைத் தேடுவோரின் எண்ணிக்கையும்தான் விலையைத் தீர்மானிக்கும். 1,794 பதக்கங்களில் மட்டும் ‘230’ என்ற சிறு முத்திரை உண்டு. முதல் வேலையாக உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதைத் தேடுங்கள். இருந்தால் கூடுதல் விலை கேட்கலாம்.

‘அசல் 1794’ என்று யாராவது நீட்டினால் தராசில் வையுங்கள். அசலின் எடை 26.96 கிராம். அதன் டாலர் மதிப்பு முகத்தில் இல்லை, விளிம்பில் எழுத்தாகப் பொறித்திருக்கும். அமெரிக்காவில் போலி நாணயங்களில் ‘நகல்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பொறிக்க வேண்டும் என்று 1973-இலேயே சட்டம் வந்துவிட்டது. மலிவாகப் போலிக் காசு தயாரிப்பவர்கள் அதை மதிப்பதில்லை.

அடுத்து எதை வாங்குவது? என் ஓட்டு ‘லிபர்தாஸ் அமெரிக்கானா’வுக்கு. அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் யோசனையில், பிரெஞ்சுச் செதுக்குக் கலைஞர் துய்ப்ரே செதுக்கி, 1783-இல் பாரிஸில் அடித்த பதக்கம் அது. ஒரு பக்கம் கூந்தல் பறக்கும் சுதந்திர தேவி. மறுபக்கம் இரண்டு பாம்புகளின் கழுத்தை நெரிக்கும் குழந்தை ஹெர்குலிஸ், கிரேக்கப் புராண வீரன். அமெரிக்க விடுதலைப் போரில் சரடோகாவிலும் யார்க்டவுனிலும் சரணடைந்த இரண்டு பிரிட்டிஷ் படைகளே அந்தப் பாம்புகள். அமெரிக்காவின் முதல் செப்புக் காசுகள் சிலவற்றுக்கு இந்த முகமே முன்மாதிரி என்பார்கள். பதக்கம் முந்தி, காசு பிந்தி! அசல் நம் கைக்கு எட்டாது; பாரிஸ் நாணயச் சாலையின் மறுபதிப்பு எட்டும். ஆனால் விளிம்பைப் பாராமல் பணம் கொடுக்காதீர்கள். அங்கே கொம்பு வடிவ முத்திரை இருந்தால் அது 1880-இலோ பிறகோ அடித்தது. அதை 1783 என்று விற்பவரிடம் வேறெதையும் வாங்க வேண்டாம்.

பெட்டியையும் சான்றிதழையும் தூக்கி எறியாதீர்கள். விற்கும்போது அவையும் காசு பெறும். கறுத்தாலும் புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்காதீர்கள். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறை பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். கெட்டியான மூடு டப்பியே நல்லது. ரப்பர் பேண்டை வெள்ளியின் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.