கேள்வி-பதில்: மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மீட்டர் காடாத் துணி வாங்குங்க

கேள்வி: அக்கா, எனக்கு தையல் சுத்தமா தெரியாது. பையன் ஸ்கூலுக்குப் போனப்புறம் தினமும் ரெண்டு மணி நேரம் கிடைக்குது, கத்துக்கலாம்னு ஆசை. ஆன்லைன்ல ஸ்டேப்ளர் மாதிரி கையில பிடிச்சுத் தைக்கற மெஷின் சில நூறு ரூபாய்க்கு வருது. அதுல பழகிட்டு பெருசு வாங்கவா, இல்ல நேரா மோட்டார் மெஷினே வாங்கிடவா?

பதில்: அந்த ஸ்டேப்ளர் மெஷின் வேண்டாம்மா. அது ஒரே நூல்ல சங்கிலித் தையல் போடுது, அடியில பாபின் நூல் (பெரிய மெஷின்ல கீழ ஒரு சின்ன உருளைலருந்து வர்ற ரெண்டாவது நூல்) கிடையாது, அதனால கடைசில முடிச்சு சரியா விழலேன்னா நூல் முனையைப் பிடிச்சு இழுத்தா மொத்த தையலும் சரசரன்னு பிரிஞ்சு வந்துடும். நானும் ஆரம்பத்துல அப்படி ஒண்ணு வாங்கி, தலையணை உறை தைச்சு, ஒரே துவைப்புல ஓரம் பிரிஞ்சு, நமக்கு தையல் வராது போலன்னு ஆறு மாசம் துணியையே தொடாம இருந்தேன். தப்பு என் கையில இல்ல, கருவியிலதான்னு புரியவே ரொம்ப நாளாச்சு. அதனாலதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

பெரிய மெஷினும் இப்பவே வேண்டாம். முதல்ல வாங்க வேண்டியது நல்ல கத்தரி ஒண்ணு (துணிக்கு மட்டும், பேப்பர் வெட்டினா மழுங்கிடும், வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க), இஞ்ச் டேப், டெய்லர் சாக், கைத்தையல் ஊசி பாக்கெட், பாலியஸ்டர் நூல் ரெண்டு கண்டு, அப்புறம் ஒரு மீட்டர் காடாத் துணி. காடா சாயம் போடாத சொரசொரப்பான காட்டன், வழுக்காது, கோடு போட்டா தெரியும், விலையும் கம்மி. சாட்டின், ஜார்ஜெட் பக்கம் இப்போதைக்குப் போகவே போகாதீங்க, வெட்டும்போதே நழுவி அழ வைக்கும்.

காடாவைத் தண்ணில ஊறவெச்சு காயவெச்சு இஸ்திரி போட்டுட்டுத்தான் வெட்டணும், ஏன்னா காட்டன் முதல் துவைப்புல சுருங்கும். முதல் வேலை மஞ்சப்பை. நம்ம தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பர்ல அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, அதனால தைச்சது வீணாப் போகாது, அடுத்த நாளே கடைக்கு எடுத்துட்டுப் போகலாம். 16 இஞ்ச் அகலம் 34 இஞ்ச் நீளம் ஒரே துண்டா வெட்டுங்க. நீளத்துல ரெண்டு முனையையும் ஒன்றரை இஞ்ச் மடிச்சுத் தைங்க, அதான் பையோட வாய். அப்புறம் நல்ல பக்கம் உள்ள இருக்கற மாதிரி பாதியா மடிச்சு ரெண்டு பக்கமும் அரை இஞ்ச் விட்டு தைச்சுத் திருப்புனா 15 இஞ்ச் அகலப் பை. கைப்பிடிக்கு 4 இஞ்ச் அகலம் 22 இஞ்ச் நீளத்துல ரெண்டு துண்டு, நாலா மடிச்சா ஒரு இஞ்ச் பட்டி வரும். பையோட சேர்ற இடத்துல சும்மா ஒரு கோடு தைச்சா போதாது, சின்ன கட்டம் போட்டு உள்ள பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையல் போடணும், கனம் முழுக்க அங்கதான் விழும். எல்லாமே கையில கெட்டித் தையல்ல செய்யலாம், அதாவது ஒரு எட்டு முன்னால போய் அரை எட்டு பின்னால வந்து குத்தறது. ஒரு பைக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். மூணு பை தைச்சப்புறமும் உக்காரணும்னு தோணுச்சுன்னா அப்ப மெஷின் பேசலாம்.

கேள்வி: மூணு மாசமா கைத்தையல் போடறேன். இப்ப மெஷின் வேணும். இரும்புல வர்ற கறுப்பு மெஷினா, லேசான ஜிக்ஜாக் மெஷினா? செகண்ட் ஹேண்ட் நம்பலாமா?

பதில்: நேர் தையல் மட்டும் போதும், பை, திரை, தலையணை உறை, பாவாடைன்னு போகப் போறீங்கன்னா கறுப்பு இரும்பு மெஷினே என் ஓட்டு. கனமா இருக்கும், ஆடாது, தெருவுக்கு ஒருத்தருக்கு ரிப்பேர் தெரியும், பார்ட்ஸ் எங்கயும் கிடைக்கும். காஜா (பட்டன் ஓட்டைத் தையல்), ஜிக்ஜாக் (வளைஞ்சு வளைஞ்சு போற தையல்) ஓரம் வேணும், இடமும் கம்மின்னா மோட்டார் ஜிக்ஜாக் மெஷின். விலை கேக்கும்போது ஒண்ணு கவனிங்க, கறுப்பு மெஷின்ல ஹெட் (தைக்கற மேல் பாகம்) தனி, ஸ்டாண்டும் மேல் பலகையும் தனி, மோட்டார் தனின்னு விலை சொல்லுவாங்க, ஹெட் விலையை மட்டும் கேட்டுட்டு பட்ஜெட் போட்டுட்டுப் போனா கடையில திண்டாடணும்.

பழைய மெஷினைத் தாராளமா வாங்கலாம், ஆனா உங்க துணியோட போங்க. ஒரு மெல்லிசு காட்டன் துண்டு, ஒரு பழைய ஜீன்ஸ் துண்டு. முதல்ல நூலே கோக்காம சக்கரத்தைக் கையால மெதுவா சுத்துங்க, எங்கயாவது இறுகி நின்னு அப்புறம் நகர்ந்தா உள்ள ஏதோ இருக்கு. அப்புறம் ஒரு பேப்பரை வெச்சு நூல் இல்லாம ஓட்டுங்க, ஓட்டை ஒரே கோட்டுல ஒரே இடைவெளில விழணும். அதுக்கப்புறம் நூல் கோத்து ரெண்டு துணியிலயும் தைச்சு மேல கீழ ரெண்டு பக்கமும் பாருங்க. பெயின்ட் உதிர்ந்திருந்தா, பெல்ட் தளர்ந்திருந்தா பயப்படாதீங்க, அது சின்னச் செலவு.

முதல் மெஷின் வேலைக்கு தலையணை உறை நல்லது, எல்லாமே நேர்கோடு. 17-க்கு 27 தலையணைன்னா 19 இஞ்ச் அகலம் 62 இஞ்ச் நீளம் வெட்டி, ரெண்டு முனையையும் ஒவ்வொரு இஞ்ச் மடிச்சுத் தைச்சா 60 நிக்கும். நல்ல பக்கம் மேல தெரியற மாதிரி விரிச்சு, ஒரு முனைலருந்து 27 இஞ்சை உள்ள மடிங்க, மறுமுனைல மிஞ்சற 6 இஞ்சை அதுக்கு மேல கவுத்துங்க, ரெண்டு பக்கமும் தைச்சுத் திருப்புனா மூடி தானா உள்ள போயிடும், ஜிப்பும் வேண்டாம் பட்டனும் வேண்டாம். 44 இஞ்ச் அகலத் துணி ஒண்ணே முக்கால் மீட்டர் வாங்கினா ரெண்டு உறை வரும், சுருங்கறதுக்கும் இடம் இருக்கு. ஓரம் பிரியாம இருக்க பக்கத்து டெய்லர் கடையில ஓவர்லாக் அடிச்சுக்கலாம்.

கேள்வி: நாங்க திருப்பூர். பனியன் கட்டிங் துணி கிலோ கணக்குல சல்லிசா கிடைக்குது. அதுலயே பழகலாமா?

பதில்: தைக்கறதுக்கு வேண்டாம், அது பின்னல் துணி, இழுத்தா இழுபடும், சாதாரண ஊசில தையல் விட்டு விட்டு விழும், அதுக்கு முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி வேணும். ஆனா அதை அரை இஞ்ச், ஒரு இஞ்ச் அகல நாடாவா வெட்டி இழுத்தீங்கன்னா ஓரம் சுருண்டு தடிமனான நூல் மாதிரி ஆயிடும். பெரிய குரோஷா ஊசி ஒண்ணு வாங்கிப் பின்னுனா கால்மிதி ஆச்சு. தையல் பெருசு பெருசா தெரியறதால தப்பு எங்கன்னு கண்ணுக்கே தெரியும், பின்னல் கத்துக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியல.

கேள்வி: ஸ்வெட்டர் பின்னற கிட் ஆன்லைன்ல வாங்கினேன், கறுப்பு கலர் புசுபுசு நூல், மெல்லிசு ஊசி. நாலு வரிக்கு மேல போகல. உல்லன்னு போட்டிருக்கு, நிஜமா உல்லனா?

பதில்: உங்க மேல தப்பே இல்லங்க, ஆரம்பிக்கறவங்களுக்குக் கொடுக்கவே கூடாத நூல் அது. கறுப்புல தையல் தெரியாது, புசுபுசு நூலைப் பிரிக்கவும் முடியாது. வெளிர் கலர்ல, வழவழன்னு, நடுத்தரத் தடிமன்ல ஒரு உருண்டையும் 4 மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடியும் வாங்குங்க. சில கடையில பழைய நம்பர்தான் சொல்லுவாங்க, 8-ஆம் நம்பர்னா 4 மில்லிமீட்டர், நம்பர் ஏற ஏற ஊசி மெல்லிசாகும், அதனால 10 கேட்டு வாங்கிட்டு வந்து முழிக்காதீங்க. ஊசிக்கு வெளிநாட்டுப் பெயரைத் தேடி அலையவும் வேண்டாம், போனிங்கற பிராண்ட் ஊசி நம்ம நீலகிரில கேத்தி பக்கத்துலதான் தயாராகுது, அந்தக் கம்பெனி 1949-லருந்து இருக்கு.

உல்லனான்னு பார்க்க ஒரு சின்ன நூல் துண்டை இடுக்கில பிடிச்சு, கீழ தண்ணிக் கிண்ணம் வெச்சு கொளுத்துங்க. கம்பளின்னா முடி கருகுற வாசனை, சாம்பல் விரல்ல பொடியாகும். அக்ரிலிக்னா உருகி கெட்டியான மணியா உறையும். நம்ம ஊர் கடைகள்ல உல்லன்னு கேட்டாலே பெரும்பாலும் அக்ரிலிக்தான் எடுத்துக் கொடுப்பாங்க, பழகறதுக்கு அது பரவால்ல, ஆனா இஸ்திரிப் பெட்டி வெச்சா பாழாயிடும். சமவெளி வெயிலுக்கு நான் காட்டன் நூலைத்தான் சொல்வேன். 36 தையல் போட்டு எல்லா வரியும் ஒரே நேர்ப் பின்னலா, அகலமும் நீளமும் சமமாகற வரைக்கும் பின்னுனா பாத்திரம் துடைக்கற துணி ரெடி, ஸ்வெட்டர் அப்புறம். பெரிய வேலைக்கு நூல் வாங்கறப்ப லேபிள்ல லாட் நம்பர் பார்த்து மொத்தத்தையும் ஒரே தடவை வாங்கிடுங்க, அடுத்த லாட்ல அதே கலர்கூட கொஞ்சம் மாறி வரும்.

கேள்வி: புது மெஷின் வந்து நாலு நாள்தான். அடியில நூல் கூடு கட்டுது. டிஃபெக்ட்னு ரிட்டர்ன் கேட்டா கம்பெனி போனே எடுக்கல. என்ன செய்ய?

பதில்: ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை இதைப் பாருங்க. அடியில கூடு கட்டுனா பெரும்பாலும் குத்தம் மேல் நூல்லதான். ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கற பாதம்) கீழ இறக்கி வெச்சுட்டு நூல் கோத்தா டென்ஷன் தட்டு (மேல் நூலை இறுக்கிப் பிடிக்கற தட்டு) மூடியிருக்கும், நூல் உள்ள போகாம மேலயே நிக்கும். ஃபுட்டைத் தூக்கி வெச்சு முதல்லருந்து கோங்க, ஊசியையும் மாத்துங்க, ரெண்டு நூலையும் பின்னால இழுத்துப் பிடிச்சு ஆரம்பிங்க.

அப்பவும் கூடு கட்டுச்சுன்னா வீடியோ எடுத்து, விற்ற தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுத்துல அனுப்புங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு ஒப்புக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். அசையலேன்னா 1915-க்கு போன் போடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மேல போகணும்னா 2019 சட்டப்படி நீங்க இருக்கற மாவட்டத்துலயே நுகர்வோர் ஆணையத்துல வழக்கு போடலாம், பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பில், வாரண்டி கார்டுல கடை முத்திரை, அட்டைப்பெட்டி எல்லாம் பத்திரம். கூடு கட்டின அந்தத் துணித் துண்டையும் தூக்கிப் போடாம தேதி எழுதி பில்லோட பின் பண்ணி வைங்க.